புலியூரா, புளியூரா? ஊர்ப் பெயரும் இணைய வரைபடமும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், இணைய வரைபடத்தில் தத்தம் வீட்டைத் தேடிப் பார்த்து, அங்கே ஊரின் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதை எழுதி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் பிறருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே விடை தருகிறோம். தனியார் வீடுகள் பற்றிய செய்திகள் இருப்பதால் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி. மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை வீட்டாரின் வேன், கைபேசி காட்டிய வழியை நம்பிப் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிக்குப் போய்விட்டது. திருமண நாளிலும் இப்படி நேராமல் இருக்க, வீட்டை எப்படிக் குறித்துக் கொடுப்பது?
(வாசகர், வலங்கைமான் வட்டம்)

பதில்: ஆலங்குடி இரண்டு என்பதாவது பரவாயில்லை. ஆத்தூர் சேலத்தில் ஒன்று, திண்டுக்கல்லில் ஒன்று, தூத்துக்குடியில் ஒன்று என இருக்கிறது. புதூர்களையும் நத்தங்களையும் எண்ணி முடிக்க இயலாது. மாட்டுவண்டி ஓடும் தொலைவுக்குள் குழப்பம் இல்லாமல் இருந்தால் போதும் என்ற அளவில்தான் நம் முன்னோர் ஊருக்குப் பெயர் வைத்தார்கள். மாநிலம் முழுவதும் ஒரே பட்டியலில் அடுக்கப்படும் காலம் வரும் என்று அவர்கள் நினைத்திருக்க முடியாது.

அஞ்சல் குறியீட்டெண்ணைச் சேர்த்துத் தட்டச்சு செய்தால் ஊர்க் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க எண்ணின் முதல் இலக்கம் பெருமண்டலத்தைக் காட்டுகிறது. 6 என்பது தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி ஆகியவற்றுக்கு உரியது. ஆயினும் அந்த எண் கடிதம் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைத்தான் குறிக்குமேயன்றி வீட்டைக் குறிக்காது. வீட்டைக் குறிக்க வேண்டுமானால், செயற்கைக்கோள் படத்தில் உங்கள் கூரையைக் கண்டுபிடித்து, அதன்மீது விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். அகலாங்கும் (அட்சரேகை) நெட்டாங்கும் (தீர்க்கரேகை) இரண்டு எண்களாகத் தோன்றும். ஒரு பாகை அகலாங்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் ஆதலால், புள்ளிக்குப் பின் நான்காவது இலக்கம் ஏறத்தாழ 11 மீட்டரையும், ஐந்தாவது இலக்கம் ஒரு மீட்டருக்குச் சற்று மிகையானதையும் காட்டும். ஐந்து இலக்கங்களை எழுதிக் கொடுத்தால் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிடலாம்.

இந்திய அஞ்சல் துறை 2025இல் வெளியிட்ட டிஜிபின் என்னும் பத்து எழுத்துக் குறியீடு, நாட்டையே ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அடையாளம் தருகிறது, அதையும் பயன்படுத்தலாம். இருந்தாலும் அழைப்பிதழில் எண்ணை அச்சிடும்போது, அதற்குக் கீழே “குருபகவான் கோயில் உள்ள ஆலங்குடி” என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எண்ணில் ஓர் இலக்கம் அச்சுப்பிழையானாலும் அந்த வரி காப்பாற்றும்.

கேள்வி: வீட்டுக்குள் நின்று பார்த்தால் என்னைக் காட்டும் நீலப்புள்ளி பக்கத்து வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. மதில் பற்றி எங்களுக்குள் ஏற்கெனவே வழக்கு இருக்கிறது. இந்தப் படத்தைச் சான்றாகக் காட்டலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: காட்ட வேண்டாம். புவியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களுள் குறைந்தது நான்கிடமிருந்து வரும் குறிப்பலைகளின் காலத்தை ஒப்பிட்டே கைபேசி தன் இடத்தைக் கணிக்கிறது. கூரைக்கு அடியில் அந்த அலைகள் நலிந்துவிடுகின்றன. சுவர்களில் பட்டுத் திரும்பி வருபவை வேறு வழி தவறச் செய்கின்றன. செயற்கைக்கோள் படமும் எப்போதும் நேர் மேலிருந்து எடுக்கப்பட்டதாக இருப்பதில்லை. சாய்வாக எடுத்த படத்தில் மாடி வீட்டின் கூரை அதன் அடித்தளத்திலிருந்து விலகித் தெரியும். எல்லைக்கு உரிய சான்று உங்கள் சர்வே எண்ணின் உட்பிரிவும், பட்டாவும், புல வரைபடமும்தான். கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால் வட்ட அலுவலகத்திலிருந்து நில அளவர் வந்து அளந்து காட்டுவார்.

கேள்வி: எங்கள் ஊர் புளியூர். ஊரைச் சுற்றி இன்றைக்கும் புளியமரங்கள் நிற்கின்றன. வரைபடத்திலோ ‘புலியூர்’ என்று இருக்கிறது. மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஊரில் ஒரு காலத்தில் புலி இருந்ததாகக் கட்டுரை எழுதுகிறார்கள். இது எப்படி நேர்ந்தது? திருத்த வழி உண்டா?
(ஓர் ஊராட்சிப் பள்ளித் தலைமையாசிரியர்)

பதில்: வந்த கடிதங்களுள் எம்மை மிகவும் வருத்தியது தங்கள் கடிதமே. அந்தப் பிள்ளைகள் எழுதியது தவறல்ல. கண்ணால் கண்ட எழுத்தை நம்பி எழுதியிருக்கிறார்கள். தவறு அந்த எழுத்து வந்த வழியில் இருக்கிறது.

1802இல் சென்னைப் பறங்கிமலைக்கு அருகில் பிரித்தானிய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய, நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெரும் முக்கோண அளவை, தெற்கே வந்தபோது குன்றுகளே இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களைப் பார்வை மேடையாகக் கொண்டது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றும்போது அளவைக் கருவி மோதிச் சேதமுற்ற செய்தி வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அந்த அளவையையும் அதன்பின் வந்த வருவாய் அளவைகளையும் அடித்தளமாகக் கொண்ட வரைபடங்களில், ஊர்க்காரர் வாயால் சொன்ன பெயர் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டது. கோணங்களை அத்தனை நுட்பமாக அளந்தவர்களின் கையில், ஒலிகளை அளக்க இருபத்தாறு எழுத்துகளே இருந்தன. ல, ள இரண்டுக்கும் ஒரே எழுத்து. ழகரமும் பல இடங்களில் அதற்குள்ளேயே அடங்கிற்று. ந, ன, ண மூன்றுக்கும் ஒன்று. ர, ற இரண்டுக்கும் ஒன்று. குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு இல்லை. தூத்துக்குடி ‘டியூட்டிகொரின்’ ஆனதும், தரங்கம்பாடி ‘டிராங்கிபார்’ ஆனதும், திருவல்லிக்கேணி ‘டிரிப்ளிகேன்’ ஆனதும் ஐரோப்பியர் நாவில் விளைந்த திரிபுகள். அவை கண்ணுக்குத் தெரிகின்ற திரிபுகளாதலால் யாரும் ஏமாறுவதில்லை. தங்கள் ஊருக்கு நேர்ந்ததோ கண்ணுக்குத் தெரியாத திரிபு. ஆங்கிலத்தில் எழுதினால் புளியூரும் புலியூரும் ஒன்றே. இன்று இணைய வரைபடத்தின் தமிழ்ப் பெயர்களில் பல, அந்த ஆங்கிலப் பெயரிலிருந்து கணினி மீண்டும் தமிழாக்கியவை. சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர். கரூருக்கு அருகில் ஒரு புலியூர் உண்டு. கணினிக்கு அவை தெரியும்; தங்கள் ஊர்ப் புளியமரம் தெரியாது.

அரசு முயன்றபோதும் இது எளிதாக அமையவில்லை. தமிழில் ஒலிக்கிறபடியே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு, 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றித் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. வேலூருக்கு வழங்கப்பட்ட புதிய கூட்டலை ஆங்கிலம் அறிந்தவர் ‘வீலூர்’ என்று படிக்க நேர்ந்தது. கோயம்புத்தூருக்கு வழங்கியது நாக்கில் நிற்காத அளவுக்கு நீண்டது. பலத்த விவாதத்துக்குப் பிறகு அதே மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆங்கில எழுத்தைச் சீர்திருத்துவதைவிட, வரைபடத்தில் தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே சரியாகப் பதிவதுதான் முதலில் செய்யத்தக்கது என்பது எம் துணிபு. தமிழ் எழுத்து நிலைத்துவிட்டால், ஆங்கிலக் கூட்டல் எப்படி இருந்தாலும் ஊர் பிழைத்துக்கொள்ளும்.

அதற்கு வழி இருக்கிறது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெயர், பழைய பெயர், மாற்றுப் பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் உண்டு; கணக்குத் தொடங்கி யாரும் திருத்தலாம். கூகுள் வரைபடத்தில் திருத்தத்தைப் பரிந்துரைக்கலாம். அவர்கள் சரிபார்த்து ஏற்கக்கூடும், ஏற்காமலும் போகலாம். இரண்டிலும் கைவைப்பதற்கு முன் சான்றுகளைத் திரட்டிக்கொள்ளுங்கள்: வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் தமிழில் உள்ள கிராமப் பெயர், ஊராட்சி அலுவலகப் பலகை, பழைய பத்திரங்கள், கோயில் கல்வெட்டு இருந்தால் அதன் படி. கல்வெட்டில் புலியூர் என்றே இருக்குமானால், மாணவர்களின் கட்டுரையைத் திருத்த வேண்டியதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இந்தத் தேடலை அந்த மாணவர்களையே செய்யச் சொல்லலாம்.

கேள்வி: ஊர்ப் பெயருக்குப் பெரியவர்கள் சொல்லும் கதைகளை எவ்வளவு நம்பலாம்?
(வாசகி, சென்னை)

பதில்: கதையைக் கதையாக மதிக்க வேண்டும், சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டுமானால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, அந்தப் பெயரின் மிகப் பழைய வடிவம் எது? மேலே திருமண வீட்டார் எழுதிய ஆலங்குடியையே எடுத்துக்கொள்வோம். ஆலம் என்னும் நஞ்சை இறைவன் குடித்த தலம் ஆதலின் ஆலங்குடி என்பது தலபுராணம். ஆனால் சம்பந்தர் தேவாரத்தில் அத்தலத்தின் பெயர் இரும்பூளை. அது பூளைச்செடியால் வந்த பெயர். குடி என்பது குடியிருப்பைக் குறிக்க, ஆல் என்பது மரத்தைக் குறிக்க, இன்றைய பெயரும் நிலத்திலிருந்தே எழுந்தது என்று கொள்வதே பொருந்தும்.

இரண்டாவது, அந்தப் பெயரின் பின்பாதி வேறு ஊர்களிலும் வருகிறதா? கோடம்பாக்கம் என்பது குதிரைத் தோட்டம் என்னும் பொருளுடைய உருதுத் தொடரிலிருந்து வந்ததாகச் சென்னையில் பலர் சொல்வார்கள். நுங்கம்பாக்கம், புரசைவாக்கம், கீழ்ப்பாக்கம், சேப்பாக்கம், மீனம்பாக்கம் என்று வரிசையாக நிற்கும் ஊர்களுள் ஒன்றுக்கு மட்டும் பாக்கம் என்பது உருதுவாக இருக்கும் என்று நம்புவது கடினம். பாக்கம் என்பது கடற்கரையை ஒட்டிய குடியிருப்பைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்.

மூன்றாவது, அந்தப் பெயர் மொழிபெயர்க்கப்பட்டதா? தேவாரத்தில் முதுகுன்றம் என இருப்பது, முதுமை விருத்தமாகவும் குன்றம் அசலமாகவும் மாறி, விருத்தாசலம் ஆயிற்று. மறைக்காடு வேதாரண்யம் ஆயிற்று. இந்த மறைக்காட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மரை என்பது மான்வகையின் பெயர்; முதலில் மரைக்காடாக இருந்ததே மறைக்காடாகி, பின்னர் வேதாரண்யமாயிற்று எனக் கருதுவோர் உண்டு. பக்கத்திலுள்ள கோடியக்கரைக் காட்டில் இன்றும் வெளிமான்கள் மேய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கருத்தைத் தள்ளிவிட மனம் வராது. இது முடிந்த முடிபு அன்று. ஆயினும் ரகரத்துக்கும் றகரத்துக்கும் இடையில் ஒரு காடே இடம் மாறக்கூடும் என்பதைத் தலைமையாசிரியர் அவர்களின் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

கேள்வி: நான் வீடு வாங்கியிருக்கும் பகுதியின் பெயர் ‘தாங்கல்’ என முடிகிறது. அடுத்த தெருவுக்கு ஏரிக்கரைத் தெரு என்று பெயர். ஏரியையோ கரையையோ எங்கும் காணோம். தாங்கல் என்றால் என்ன?
(வாசகர், சென்னைப் புறநகர்)

பதில்: தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி வைக்கும் சிறிய ஏரி. வேடர்களின் தாங்கல் வேடந்தாங்கல். அங்கே நீர் நின்றது, ஆகவே பறவைகள் வந்தன. பழவந்தாங்கல், ஐயப்பந்தாங்கல் ஆகியவையும் இவ்வாறு நீரால் பெயர் பெற்றவையே. வடக்கே ஏரி, தாங்கல் என்பவற்றைத் தெற்கே கண்மாய், ஏந்தல் என்பார்கள். குடிநீருக்கு ஊருணி தனியே இருந்தது. நீர்நிலைக்கு இத்தனை சொற்கள் இருப்பது மழையை நம்பிய மண்ணின் வாழ்க்கைக் குறிப்பு.

சோழர் காலத்து ஏரி ஒன்றின் பெயர் எப்படித் தேய்ந்தது என்பதைப் பாருங்கள். முதலாம் பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரால் அமைந்த வீரநாராயண ஏரி, மக்கள் நாவில் வீராணம் ஆயிற்று. பெயர் தேய்ந்தாலும் ஏரி நிலைத்தது. அது இன்றைக்கும் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. சென்னைக்குள்ளேயோ பெயர் நின்று ஏரி தேய்ந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்தே 1920களில் தியாகராய நகரை அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்ற பெயர் இன்னும் இருக்கிறது. ஏரியைப் பார்க்க அங்கே ஏதும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலை, அதாவது ஏரிக்கரைச் சாலை இருக்கிறது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய ஏரி நிலத்தில்தான்.

ஆகவே தங்கள் அடுத்த தெருவின் பெயரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது. மழைக்காலத்தில் எடுத்த பழைய படம் அகப்பட்டால் நீர் எங்கே நின்றது என்பது தெரியலாம். கிராம வரைபடத்தில் தங்கள் சர்வே எண்ணுக்கு அருகில் ஏரி, ஓடை, வாய்க்கால் எனக் குறிக்கப்பட்ட நிலம் இருக்கிறதா என்று பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நீர் நின்றது என்று நெடுநாள் குடியிருப்பவர் ஒருவரைக் கேளுங்கள். வீட்டை வாங்கும் முன்பே இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லித் தங்களை வருத்த விரும்பவில்லை. தரைத்தளத்தில் மின்மீட்டர் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், மோட்டார் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய இப்போதும் உதவும்.

கேள்வி: வரைபடத்தில் எங்கள் தெரு பழைய பெயரோடு இருக்கிறது. அந்தப் பெயரால் நாங்கள் பட்ட அவமானம் போதும். பழம்பெயரைக் காக்க வேண்டும் என்று எழுதும் நீங்கள் இதையும் காக்கச் சொல்வீர்களா?
(வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: சொல்ல மாட்டோம். சேரி என்பது பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்ற பொருளையே தந்தது. புதுச்சேரியிலும் வேளச்சேரியிலும் அந்தப் பொருள் இருக்கிறது. பிற்காலத்தில் அந்தச் சொல்லை ஒதுக்கும் கருவியாக்கியவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள் அல்லர். காலனி என்ற சொல்லுக்கும் அதே கதி நேர்ந்ததனால்தான், அதனை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஒரு பெயர் அங்கே வாழ்பவரைக் குறைவுபடுத்துமானால், அதை வைத்திருப்பதா மாற்றுவதா என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கே உரியது. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அரசுப் பதிவு மாறியபின் அதன் படியை இணைத்து வரைபடத்திலும் திருத்தம் கோருங்கள்.

கேள்வி: என் வீட்டை என் பெயரோடு வரைபடத்தில் பதியலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: கடையாக இருந்தால் பதியலாம், வீட்டுக்கு வேண்டாம். கணக்கில் ‘வீடு’ என்று சேமித்தால் உங்களுக்கு மட்டும் தெரியும்; அது போதும்.

கேள்வி: என் அம்மம்மாவின் வீடு யாழ்ப்பாணத்தில் இணுவிலில் இருந்தது. நான் பிறந்து வளர்ந்தது கனடாவில். அம்மாவிடம் பழைய உறுதி (காணிப் பத்திரம்) ஒன்று இருக்கிறது. அதில் வீட்டு இலக்கமோ தெருப் பெயரோ இல்லை, காணிக்கு ஒரு பெயரும் பரப்புக் கணக்கும்தான் இருக்கின்றன. வரைபடத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?
(வாசகி, டொரொன்ரோ)

பதில்: முடியும் என்றே நம்புகிறோம், ஆனால் கைபேசியில் தொடங்காமல் அந்த உறுதியிலிருந்து தொடங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஊருக்கு மட்டுமன்றி ஒவ்வொரு காணித் துண்டுக்கும் பெயர் உண்டு. தமிழ்நாட்டில் சர்வே எண் செய்யும் வேலையை அங்கே நெடுங்காலம் காணிப் பெயரும் நான்கு எல்லைகளும் செய்துவந்தன. பரப்பு என்பது பத்துப் பேர்ச். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே உறுதியைக் கொண்டு காணியின் அளவைச் சதுர மீட்டரில் கணக்கிட்டுவிடலாம். கிழக்கே யாருடைய காணி, மேற்கே ஒழுங்கையா, கோயில் நிலமா என்று எழுதியிருப்பவற்றை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

ஊரின் பெயரும் சிறிது உதவும். இணுவில், கொக்குவில், உடுவில், கோண்டாவில் என வரும் பெயர்களில் வில் என்பது நீர் தேங்கும் தாழ்நிலத்தைக் குறிப்பதாக ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். உறுதியின் எல்லைகளில் குளமோ வாய்க்காலோ இருக்குமானால், அதை முதலில் தேடுங்கள். வீடுகள் மாறியிருக்கும், மதில்கள் மாறியிருக்கும், நீர் போகும் வழி அவ்வளவு எளிதில் மாறாது. அடுத்து, ஊரிலுள்ள கோயிலையும் சந்தியையும் செயற்கைக்கோள் படத்தில் குறித்துக்கொண்டு, அம்மாவை அருகில் இருத்தி, பள்ளிக்கூடம் போன வழியைச் சொல்லச் சொல்லுங்கள். தெருவின் பெயர் நினைவில்லாதவர்களுக்கும் எந்த ஒழுங்கையில் இடப்பக்கம் திரும்பினோம் என்பது கால்களில் நினைவிருக்கும். இடம் ஓரளவு தெரிந்தபின், அந்தப் பகுதி எந்த கிராம அலுவலர் பிரிவில் வருகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். யாழ் மாவட்டப் பிரிவுகள் ‘ஜே’ என்ற எழுத்தோடு எண்ணிடப்பட்டிருக்கின்றன. காணிப் பெயரைச் சொன்னால் அங்குள்ள முதியவர்கள் அடையாளம் காட்டக்கூடும்.

வீடு இடிந்திருந்தால் மனம் தளர வேண்டாம். யாழ்ப்பாணத்து வளவில் கிணறு இல்லாமல் இராது. கூரையும் சுவரும் போனபின்னும், மரங்கள் மறைக்காத இடமானால், கிணற்றின் வட்டம் மேலிருந்து எடுத்த படத்தில் கரிய புள்ளியாகத் தெரியும். வீட்டு வாசலிலிருந்து கிணறு எந்தத் திசையில், எத்தனை அடி தள்ளி இருந்தது என்பதை இன்றைக்கே அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள்.